தம்பிக்கு ஆர்15-ஆ, ட்ரெயில் பைக்கா? அக்கராயன் பக்கத்து வீதிக்கு எது பொருந்தும்?

அக்கராயன் அக்கா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 19 வயது. கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய பீடத்தில் சேர்ந்திருக்கிறான். எங்கள் வீடு அக்கராயன் குளத்தையும் தாண்டி உள்ளே இருக்கிறது. பஸ்ஸை நம்பினால் பாதி நாள் விரிவுரை போய்விடுகிறது. என் ஸ்கூட்டியை அவன் எடுத்துப் போனால் நான் பாடசாலைக்கு நடக்க வேண்டும். ஆகவே அவனுக்கென்று ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கத் தீர்மானித்துவிட்டோம். அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டான்.

அவனுக்கு யமஹா ஆர்15 என்ற ஸ்போர்ட்ஸ் பைக் மேல்தான் கண். அம்மாவுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே நெஞ்சு பதறுகிறது. கிளிநொச்சியில் ஒருவர் பழைய ஹொண்டா எக்ஸ்ஆர்250 விற்கிறார். வவுனியாவில் ஒரு ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 இருப்பதாகச் சொல்கிறார்கள். இரண்டும் ட்ரெயில் பைக், அதாவது மண், கிறவல் வீதிக்கும் ஏற்ற வகை. அம்மா நெல் விற்ற காசும் என் சேமிப்பும் சேர்த்துத்தான் வாங்குகிறோம், லீசிங் எடுக்கப் போவதில்லை. வாங்கிய பிறகு மாற்ற வசதியும் இல்லை. தம்பியின் ஆசையையும் உடைக்க மனமில்லை. நம் பக்கத்து வீதிகளில் ஓடுகிறவர்கள் சொல்லுங்கள்.

மல்லாவி வீதி எழுதியது:

அக்கா, யாழ்ப்பாணம் போகும் ஏ-9 பெருவீதியை மறந்துவிடுங்கள். வீட்டுப் படலையிலிருந்து நல்ல தார் வீதி தொடங்கும் இடம் வரைக்கும் தம்பி என்ன வீதியில் ஓடப் போகிறான் என்பதைப் பாருங்கள். மோட்டார் சைக்கிளைத் தீர்மானிப்பது அந்தப் பகுதிதான். முறிகண்டி–அக்கராயன் வீதியை எனக்கு நன்றாகத் தெரியும். கோடையில் புழுதி, மாரியில் பள்ளம் எது, தண்ணீர் எது என்று தெரியாது. ஒழுங்கைகளைப் பற்றிச் சொல்லி வேலையில்லை. தம்பி இதில் நாளுக்கு இரண்டு தடவை போய் வரப் போகிறான்.

ஆர்15-இன் இரண்டு சில்லுகளும் 17 அங்குலம். ட்ரெயில் வகையில் முன்சில்லு 21 அங்குலம், பின்சில்லு 18. படத்தில் பார்க்கும்போது இது ஒரு பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் பள்ளத்தின் விளிம்பில் சின்னச் சில்லு உள்ளே இறங்கி மறுபக்க விளிம்பில் மோதும், பெரிய சில்லு அதே பள்ளத்தின் மேலால் உருண்டு போய்விடும். அதோடு எக்ஸ்பல்ஸின் முன் ஷொக் 190 மில்லிமீற்றர் ஏறி இறங்கும், அடிவயிற்றுக்கும் தரைக்கும் 220 மில்லிமீற்றர் இடைவெளி. ஆர்15-இல் அந்த இடைவெளி 170. கிறவல் கல் தெறித்து அடிபடும்போது இந்த 50 மில்லிமீற்றரின் பெறுமதி விளங்கும்.

அடுத்தது உட்காரும் முறை. ஸ்போர்ட்ஸ் பைக்கில் கைப்பிடி தாழ்வாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும், உடல் முன்னுக்குச் சாய்ந்து பாரம் மணிக்கட்டில் இறங்கும். நல்ல வீதியில் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்குவதால் அது தெரியாது. குண்டும் குழியுமான வீதியில் 25, 30 வேகத்தில் போகிறவனுக்கு ஒவ்வொரு குலுக்கலும் மணிக்கட்டில் விழும். கை இறுகிவிட்டால் முன்சில்லைத் திருப்ப முடியாது. ட்ரெயில் பைக்கில் கைப்பிடி அகலம், நிமிர்ந்து உட்காரலாம், மோசமான இடத்தில் மிதியில் எழுந்து நின்றுவிடலாம். நின்றால் பைக் காலுக்குக் கீழே தன் பாட்டுக்குக் குலுங்கும், மேலே உடல் அசையாது.

புதிதாக ஓடுகிறவனுக்கு இன்னொரு நன்மையும் இருக்கிறது. கிறவல் வீதியில் மெதுவான வேகத்திலேயே டயர் கொஞ்சம் வழுக்கும், பிடிக்கும், மறுபடி வழுக்கும். எந்த அளவு பிரேக் பிடித்தால் சில்லு நின்றுவிடும், எந்த அளவு திருப்பினால் பின்பக்கம் விலகும் என்பதைக் கைகால்கள் அங்கே படித்துக்கொள்ளும். நல்ல தார் வீதி இதைக் கற்றுக்கொடுக்காது. அங்கே டயர் கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்கும். விட்டுப் போகும்போது வேகம் 80-ஐத் தாண்டியிருக்கும்.

ஏ9 காற்று எழுதியது:

மல்லாவி அண்ணா சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன், மீதிக்கு இல்லை. நான் வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் வரை வேலைக்காக அடிக்கடி ஓடுகிறவன், ஆர்15 வைத்திருக்கிறேன். ஸ்போர்ட்ஸ் பைக் என்ற பெயரைக் கேட்டதும் உயிர்க்கொல்லி என்று முடிவு கட்டுவது நியாயமில்லை. அது 155 சிசி. நிறை 142 கிலோ. எக்ஸ்பல்ஸ் அதைவிடப் பாரம். இரண்டு எஞ்சின்களின் வலுவும் ஏறத்தாழ 18 குதிரைவலுதான். முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக், பாரம் தாழ்வாக இருப்பதால் ஏ-9 வீதியில் ஆடாமல் அசையாமல் நிற்கும்.

எதிரில் வைக்கும் எக்ஸ்ஆரோ கால் நூற்றாண்டு பழையது. அதற்குப் பாகம் தேடி அலையும் நாட்களில் பிள்ளை எதில் பல்கலைக்கழகம் போவான்? ஆர்15-இக்குக் கிளிநொச்சியிலேயே பாகம் எடுக்கலாம். உயிர் போவது வேகத்தாலும் தலைக்கவசத்தைத் தாங்கியில் கொழுவிக்கொண்டு ஓடுவதாலும்தான். பைக்கின் வடிவத்தால் இல்லை.

குளக்கட்டு எழுதியது:

ஏ9 காற்று தம்பி, அறுவடைக் காலத்தில் வீதியில் நெல் காயவிடுவார்களே, அதன்மேல் ஆர்15-ஐ ஓடிப் பார்த்தீர்களா? வீதியின் பாதியைக் கல் வைத்து மறித்து நெல் பரப்பியிருப்பார்கள். எதிரே உழவு இயந்திரம் வந்தால் நாம் நெல்லின் மேல் ஏறித்தான் ஆகவேண்டும். அங்கே எந்தப் பைக்கானாலும் முன் பிரேக்கைத் தொட்டால் விழுந்தோம். அகலக் கைப்பிடி இருந்தால் பிரேக்கைத் தொடாமலே ஆட்டத்தை அடக்கி ஓரத்துக்கு எடுத்துவிடலாம். தாழ்ந்த கைப்பிடியோடு அது முடியாத காரியம். விதைப்புக் காலத்தில் வயலிலிருந்து ஏறும் உழவு இயந்திரங்கள் தார் வீதியில் உதிர்த்துவிட்டுப் போகும் சேற்றுக் கட்டிகளும் இதே கதைதான்.

அக்கராயன் அக்கா எழுதியது:

நெல் விடயம் உண்மை. மாசி, பங்குனியில் எங்கள் வீட்டு நெல்லையும் அப்படித்தான் காயவிடுகிறோம். இப்போது எனக்குள்ள கவலை உயரம். தம்பி 5 அடி 4 அங்குலம். எக்ஸ்ஆரில் ஏறிப் பார்த்தான், இரண்டு காலும் நுனிவிரலில்தான் நின்றன. நடுவீதியில் சாய்த்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.

துணுக்காய் செரோ எழுதியது:

அக்கா, நான் 5 அடி 2 அங்குலம். வெளிக்கள உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். துணுக்காய்ப் பக்கத்து ஊர்களுக்குள் நாள் முழுக்க யமஹா செரோ 225-இல்தான் திரிகிறேன். ட்ரெயில் பைக் எல்லாமே உயரம் என்று நினைக்க வேண்டாம். செரோவின் இருக்கை 810 மில்லிமீற்றர். ஆர்15-இன் இருக்கை 815. எக்ஸ்பல்ஸ் 823. எக்ஸ்ஆரும் கவசாகி கேஎல்எக்ஸும்தான் உண்மையில் உயரமானவை. அதோடு ட்ரெயில் வகை ஷொக் மென்மையானது, உட்கார்ந்ததும் உடல் பாரத்துக்குக் கொஞ்சம் அமிழும். கடையில் நிற்பதைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது, ஏறி உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

நிறுத்தும்போது இரண்டு காலும் முழுதாக ஊன்ற வேண்டிய அவசியமும் இல்லை. வலது கால் பின் பிரேக்கில் இருக்கட்டும், இருக்கையில் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து இடது காலை முழுதாக ஊன்றினால் போதும். எங்கே நிறுத்துவது என்பதை முதலே பார்த்துக்கொள்ளப் பழக வேண்டும். கால் வைக்கும் பக்கம் பள்ளமாக இருந்தால்தான் பைக் சாயும். தம்பிக்கு வீட்டு முற்றத்திலேயே இதைப் பழக்கலாம்.

செரோ 1985 முதல் ஜப்பானில் ஓடிய வகை. காற்றில் குளிரும் எஞ்சின், ரேடியேட்டர் இல்லை. ஆர்15-இல் முன்சில்லுக்குப் பின்னால் ரேடியேட்டர் இருக்கிறது, மாரியில் சில்லு வீசும் சேறு முழுவதும் அங்கேதான் அப்பும். எனக்குச் செரோவில் பிடித்த விடயம் அதன் நிறை குறைவு. சேற்றில் சரிந்தால் யாரையும் கூப்பிடாமல் நானே தூக்கி நிறுத்துவேன். பெரிய வேகம் போகாது. என் வேலைக்கு அது தேவையும் இல்லை.

யமஹாவின் பருத்த டயர் வைத்த டிடபிள்யூ225 யாராவது காட்டினால் யோசித்து வாங்குங்கள். மணலில் நன்றாக ஓடும், இருக்கையும் தாழ்வு. ஆனால் பின் டயர் 180/80-14 என்ற அளவு. அது தேய்ந்தபோது என் சக ஊழியர் கொழும்பு வரை ஆள்விட்டுத் தேடினார்.

பரந்தன் பட்டறை எழுதியது:

இரண்டு பக்கத்தையும் வாசித்தேன். பட்டறையில் இரண்டு வகையும் என் கையால் பிரிபடுகின்றன.

ஆர்15 நல்ல எஞ்சின், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் முழு வலுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 10,000 சுற்றுச் சுற்றும்போதுதான் வருகிறது. எக்ஸ்பல்ஸில் இழுவிசை 6,500 சுற்றிலேயே உச்சத்துக்கு வந்துவிடும். உழுத வயல் ஓரத்திலோ குளக்கட்டு ஏற்றத்திலோ நமக்கு வேண்டியது அடியில் கிடைக்கும் இழுவைதான். விழுந்தால் ஆகும் செலவையும் எண்ணிப் பாருங்கள். படிக்கிற வயதில் எப்படியும் ஒரு தடவை சரிக்கத்தான் போகிறான், நின்ற இடத்திலாவது. ட்ரெயில் பைக் சரிந்தால் ஒரு கிளட்ச் லீவரும் ஒரு சிக்னல் விளக்கும் போகும். ஆர்15 சரிந்தால் பக்கத்துப் பிளாஸ்டிக் மூடி உடையும், அதைத் தாங்கும் கொழுவிகள் முறியும். அதன் அலோய் சில்லு பள்ளத்தில் அடிபட்டு வெடித்தால் புதிதுதான் வாங்க வேண்டும். ட்ரெயில் பைக்கின் கம்பிச் சில்லு வளைந்தால் நான் கம்பியை இறுக்கித் தளர்த்தி நேராக்கித் தருவேன். ஆனால் கம்பிச் சில்லுக்குள் டியூப் இருப்பதால் ஆணி ஏறினால் காற்று சட்டென்று இறங்கும், டியூப் இல்லாத டயரில் மெதுவாகத்தான் இறங்கும். இந்த ஒரு விடயத்தில் ஆர்15-தான் மேல். மறுபக்கம், டியூபுக்கு ஒட்டுப் போட ஊருக்கு ஊர் சைக்கிள் கடை இருக்கிறது.

இனி அந்த எக்ஸ்ஆர். பழைய ட்ரெயில் பைக் வாங்குவதில்தான் நம் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதலில் கைப்பிடிக்குக் கீழே கழுத்துக் குழாயில் அடித்திருக்கும் சட்டக இலக்கத்தைப் பாருங்கள். துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தாலோ அரம் ஓடிய தடம் இருந்தாலோ பேச்சு வார்த்தை வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். சட்டக இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். பல பைக்குகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய வண்டிகளும் சுற்றித் திரிகின்றன.

பிறகு முன் ஷொக்கின் பளபளப்பான குழாயில் விரல் நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுங்கள். நகம் எங்காவது தடக்கினால் துருக்குழி இருக்கிறது. அந்தக் குழி ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் ஒயில் சீலைக் கிழிக்கும், எத்தனை சீல் மாற்றினாலும் நிற்காது. முன்சில்லைத் தரையிலிருந்து உயர்த்திக் கைப்பிடியை மிக மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு பிடிப்புத் தெரிந்தால் கழுத்துப் பெயாரிங் தேய்ந்திருக்கிறது. பின்பக்கத்தைப் பொதி தாங்கியைப் பிடித்துத் தூக்கி விடுங்கள், டொக் என்று சத்தம் வந்தால் பின் ஷொக்கை இணைக்கும் லிங்க் புஷ்கள் தேய்ந்து முடிந்துவிட்டன. சில்லுக் கம்பிகளை ஸ்குரூடிரைவரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். கிண் என்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்பவை தளர்ந்தவை.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் ஒரு முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது கிழமையில் செய்தது. பூ தேயாமல் புதிதுபோல் இருக்கிறது என்று விற்கிறவர் காட்டுவார். பத்து வருடப் பழைய ரப்பர் கல்லாக இறுகியிருக்கும், மழை வீதியில் பிடிக்காது.

கடைசியாக எயார் பில்டர். இந்த ஜப்பான் ட்ரெயில் பைக்குகளில் ஸ்பொஞ்ச் பில்டர்தான். பக்க மூடியைக் கழற்றிப் பாருங்கள். கையில் பொடிந்து வந்தால் நம் செம்புழுதி எவ்வளவு காலமாக எஞ்சினுக்குள் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல பில்டரை மண்ணெண்ணெயில் கழுவி, நிழலில் காயவிட்டு, பில்டர் ஒயிலில் பிழிந்து போட வேண்டும். கோடையில் இதை அடிக்கடி செய்கிறவனின் எஞ்சின் என் பட்டறைக்கு வருவதே இல்லை.

ஏ9 காற்று எழுதியது:

பட்டறை அண்ணா, விழும் செலவு பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க முடியாது. அக்கராயன் பக்கத்துக்கு ஆர்15 பொருந்தாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு விடயத்தைத் தம்பிக்குச் சொல்லாமல் விடக் கூடாது.

ஒன்று, ட்ரெயில் பைக் வாங்கியதும் பெரிய கட்டை வைத்த சேற்று டயர் போடும் ஆசை. அந்தக் கட்டைகள் தாரில் தொடும் பரப்புக் குறைவு, மழை நாளில் ஏ-9 வளைவில் நம்பி மடக்க முடியாது. பாதித் தாரும் பாதிக் கிறவலும் ஓடுகிறவனுக்கு நடுத்தரப் பூ உள்ள டயர் போதும். மற்றது காற்று. சோளகம் என்ற தென்மேல் காற்று வீசும் மாதங்களில் ஆனையிறவிலும் சங்குப்பிட்டிப் பாலத்திலும் உயரமான பைக்கைக் காற்று பக்கவாட்டில் தள்ளும். அங்கே கையை இறுக்காமல், வேகத்தைக் குறைத்து, வீதியின் ஓர விளிம்பிலிருந்து தள்ளி ஓட வேண்டும். இந்த இடங்களில் ஆர்15 நிற்கும் நிலையை இன்னும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முள்ளியவளை எழுதியது:

ஒருவரும் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். ட்ரெயில் பைக் கையில் வந்ததும் இளம் பிள்ளைகளுக்குக் காட்டுப் பாதை கண்ணில் படும். இணையத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகள் காடு மேடு ஏறி ஓடும் காணொளிகளைப் பார்க்கிறார்கள். இது வன்னி. மிதிவெடி அகற்றும் வேலை வடக்கில் இன்னும் முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருக்கும் பக்கம் போகக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பலகை இல்லாத பற்றைக்குள்ளும் வெடிக்காத எறிகணை கிடக்கலாம். மாரி வெள்ளம் மண்ணைக் கரைத்தால் புதைந்தது மேலே வரும், இடமும் மாறும். சனம் நாளும் நடந்து, மாடு சாய்த்து, உழவு இயந்திரம் ஓடிப் பழகிய தடத்தை விட்டு ஒரு முழம்கூட விலகக் கூடாது. இதைத் தம்பியிடம் நேரே சொல்லுங்கள் அக்கா, வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

குளம் வான் பாயும் காலத்தில் வீதியைக் குறுக்கறுத்து ஓடும் தண்ணீரும் அப்படித்தான். உயரமான பைக் என்ற தைரியத்தில் இறங்கக் கூடாது. 2018 மார்கழியில் இரணைமடுக் கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்குத் தண்ணீரின் வேகம் தெரியும். கலங்கிய தண்ணீருக்குக் கீழே வீதி இருக்கிறதா, அரித்துக்கொண்டு போய்விட்டதா என்று மேலிருந்து தெரியாது.

குளக்கட்டு எழுதியது:

முள்ளியவளை சொன்னதற்கு மேல் ஒரு சொல் இல்லை. இரவு ஓட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் கட்டாக்காலி மாடுகள் சூடு தேடித் தார் வீதியில் படுக்கும். கறுத்த மாடு, கறுத்த வீதி. விளக்கு நல்லதாக இருக்க வேண்டும். பாஜா என்ற எக்ஸ்ஆர் வகைக்கு முன்னால் இரட்டைப் பெரிய விளக்கு உண்டு, கிடைத்தால் பாருங்கள்.

அக்கராயன் தம்பி எழுதியது:

வணக்கம். அக்கா சொன்ன தம்பி நான்தான். எல்லாவற்றையும் வாசித்தேன், நேரமெடுத்து எழுதியதற்கு நன்றி. எனக்கு ஆர்15 பிடித்ததற்குக் காரணம் வேகம் இல்லை. அதன் எஞ்சினும் அது வளைவில் மடங்கும் அழகும். இப்போதும் பிடிக்கும். ஆனால் எங்கள் ஒழுங்கையில் அதை ஓட முடியாது என்பது விளங்குகிறது. நேற்று நண்பன் ஒருவனின் எக்ஸ்பல்ஸில் முறிகண்டி வரை போய் வந்தேன். பள்ளங்களில் எழுந்து நின்று ஓடியபோது ஸ்கூட்டியில் இடுப்பை உடைத்த அதே வீதியா என்று இருந்தது.

ஒரு கேள்வி. விடுமுறையில் யாழ்ப்பாணம் போக வேண்டி வரும். ட்ரெயில் பைக்கில் ஏ-9 முழுக்க ஓடினால் எஞ்சின் தாங்குமா?

பரந்தன் பட்டறை எழுதியது:

தம்பி, தாராளமாகத் தாங்கும். நகருக்கு வெளியே கார்களுக்கே 70 கிலோமீற்றர்தான் எல்லை. அந்த வேகத்தில் எக்ஸ்பல்ஸும் எக்ஸ்ஆரும் செரோவும் மூச்சுத் திணறாமல் ஓடும். தொண்ணூறு, நூறு என்று நெடுநேரம் பிடித்தால்தான் காற்றில் குளிரும் பழைய எஞ்சின் ஒயிலைத் தின்னும். புறப்பட முதல் ஒயில் அளவைப் பாரும். செயினை ஒவ்வொரு மழைக்குப் பிறகும் துடைத்து ஒயில் பூசும். ட்ரெயில் வகையில் பின்பக்கம் நிறைய ஏறி இறங்குவதால் செயினுக்குக் கொஞ்சம் தளர்வு வேண்டும், தெரியாத இடத்தில் கொடுத்து இறுக்க விடாதேயும்.

உம்முடைய உயரத்துக்கும் படிப்புக்கும் நான் எக்ஸ்பல்ஸைத்தான் சொல்வேன். செரோ நல்லதாக ஒன்று கிடைத்தால் அதையும் பாரும். எக்ஸ்ஆர் உயரமும் வயதும் கூட, பட்டறை பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் அது சரி.

அக்கராயன் அக்கா எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். மிதிவெடி விடயத்தில் தம்பியிடம் வாக்கு வாங்கிவிட்டார். வரும் சனிக்கிழமை வவுனியாவுக்குப் போய் அந்த எக்ஸ்பல்ஸைப் பார்க்கப் போகிறோம். பட்டறை அண்ணா, காலை பஸ்ஸில் நீங்களும் எங்களோடு வர முடியுமா? போக்குவரத்துச் செலவும் சாப்பாடும் எங்களுடையது. தலைக்கவசத்துக்கும் கையுறைக்கும் தனியாகக் காசு ஒதுக்கிவிட்டேன், அதை வவுனியாவிலேயே வாங்கலாமா?

பரந்தன் பட்டறை எழுதியது:

வருகிறேன் தங்கச்சி. தலைக்கவசத்தைத் தம்பியின் தலையில் போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். கன்னத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டும், தலையை ஆட்டினால் தனியாக ஆடக் கூடாது. விற்கிறவருக்கு இப்போதே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்: நாங்கள் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடாது. குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது, முதல் புகை என்ன நிறம் என்று நான் பார்க்க வேண்டும். போய்த் தொட்டுப் பார்க்கும்போது சூடாக இருந்தால் பதிவுப் புத்தகத்தையே விரிக்க மாட்டேன்.